அனுமந்தன்பட்டியின் இருபத்து மூன்று குழாய்கள்

என் பழைய மாணவிகள் சிலர் மூன்று வாரங்களாக ஒரு செய்தியைப் பரப்பி வருகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிப் பெண்கள் கணினியில் செய்த வரைபடத்தில் பெரிய பிழையொன்றை நான் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டேனாம். எழுபத்தொரு வயதிலும் மிஸ்ஸின் கண்ணுக்கு எதுவும் தப்பாதாம். அன்புக்கு நன்றி. ஆனால் அது உண்மையல்ல. பிழை செய்தவள் நான். அது எப்படி நடந்தது என்பதைப் பயண விவரங்களோடு சேர்த்தே எழுதுகிறேன். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கும் பயன்படும்.

போனது இந்த 2009 ஆகஸ்டில். தேனி மாவட்டப் பள்ளிகளின் புவியியல் கண்காட்சி ஒன்றுக்கு வந்திருந்த படைப்புகளைப் பார்த்துக் குறிப்பு எழுதித் தரும்படி அதன் அமைப்பாளர் கேட்டிருந்தார். நான் மதுரையில் கன்னியர் நடத்தும் பள்ளியில் படித்து, அங்கேயே முப்பத்தொரு ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள். நேரில் பார்க்காமல் எதற்கும் குறிப்பு எழுத மாட்டேன் என்றும், பயணச் செலவு என்னுடையது என்றும் சொல்லி ஒப்புக்கொண்டேன்.

மதுரை ஆரப்பாளையம் நிலையத்தில் காலை 5.50க்குப் பேருந்து. தேனி 76 கிலோமீட்டர், கட்டணம் 25 ரூபாய், 7.50க்குச் சேர்ந்தேன். (என் கணவர் இருந்தவரை டிக்கெட் வாங்குவது அவர் வேலை. சில்லறையைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைக்கூட அவர் போன பிறகுதான் கற்றேன்.) நிலையத்துக்கு எதிரே இட்லி, காபி 18 ரூபாய், காபி சுமார். 8.20க்குக் கம்பம் பேருந்து. உத்தமபாளையம் வரை 32 கிலோமீட்டர், 10 ரூபாய், ஒரு மணி நேரம். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். சின்னமனூர் தாண்டியதும் மேகமலை அந்தப் பக்கம் நெருங்கி வரும். சாலையோரம் கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்கள். அந்த மாதத்தில் மலை இடைவெளி வழியாக வரும் காற்று சாதாரணக் காற்றல்ல.

உத்தமபாளையத்தில் இறங்கிக் குடையை விரித்தேன். அது உடனே மறுபக்கமாகத் திரும்பிக்கொண்டது. ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார்.

"ஆத்தா, குடையை மடக்குங்க. இந்தக் காத்து குடையையும் கொண்டுபோகும், உங்களையும் சேத்துக் கொண்டுபோகும். எங்கிட்டுப் போறீக?"

"அனுமந்தன்பட்டிப் பக்கம், உயர்நிலைப் பள்ளி."

"பேரப்புள்ளையச் சேக்கவா?"

"வரைபடம் பார்க்க."

"அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? என்னையக் கேட்டா வழி சொல்லிருப்பேன்ல!"

ஐம்பது ரூபாய் கேட்டார். நாற்பதுக்கு ஒப்புக்கொண்டார். பத்து நிமிடப் பயணம்.

பள்ளியில் மூன்று கணினிகள். ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது. அதிலும் தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. புவியியல் ஆசிரியை ஜெயந்திக்கு முப்பது வயதிருக்கும். மின்வெட்டுக்கு ஏற்றபடியே பாடத்தை அமைத்திருந்தார்: மின்சாரம் இருக்கும்போது கணினி, இல்லாதபோது அச்செடுத்த படத்திலும் வரைபடத் தாளிலும் கைவேலை. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிய ஜி.பி.எஸ். கைக்கருவியோடு ஊர் முழுவதும் நடந்து, ஒவ்வொரு தெருக்குழாயின் அருகிலும் நின்று, கருவி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை நோட்டில் எழுதியது ஒருத்தி. மற்றவர்கள் அவற்றைக் கணினியில் அட்டவணையாக்கி, நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து அடியில் வைத்து, அதன்மேல் புள்ளிகளாக இட்டிருந்தார்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பதும் நிறத்தில் இருந்தது. மொத்தம் இருபத்து மூன்று குழாய்கள். என் காலத்தில் நான் நடத்திய எந்தச் செய்முறை வகுப்பையும்விட இது மேலானது என்று நினைத்துக்கொண்டேதான் குனிந்து பார்த்தேன்.

குழாய்கள் தெருவில் இல்லை. பல தோட்டத்தில் இருந்தன. இரண்டு வாய்க்காலுக்குள் இருந்தன.

"இவற்றை எடுத்தது யார்?"

மெலிந்த பெண் ஒருத்தி எழுந்தாள். பெயர் செல்வராணி. "நாந்தான் மிஸ்."

"நேரில் போனாயா, வீட்டிலிருந்தே எழுதினாயா?"

"போனேன் மிஸ்."

"வாய்க்காலுக்குள் குழாய் போட்ட ஊரை நான் இதுவரை பார்த்ததில்லை."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் தாளை எடுத்து, "களப்பணி நேர்மையாகச் செய்யப்படவில்லை. கண்காட்சிக்கு ஏற்றதல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டு உறையில் போட்டேன். அமைப்பாளர் அங்கே வந்திருந்தார். தேனிக்குத் திரும்பும் அவசரத்தில் உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார்.

கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதத்தை நான் சாப்பிட்டு முடித்த நேரம் செல்வராணி வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தக் கருவி.

"மிஸ், ஒரு குழாய்க்கு மட்டும் வாங்க. உங்க முன்னாடியே எடுக்கேன்."

ஜெயந்தி பதறினார். "ஏடி, பெரியவுகள வெயில்ல இழுக்காத." நான் எழுந்து செருப்பை மாட்டினேன். அழைத்தபோது போகாவிட்டால் நேர்மையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி?

அரை கிலோமீட்டர் நடை. குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்மணி, "வந்துட்டாளா மறுபடியும்?" என்றார். "மூணு நாளா இந்தப் புள்ள குழாய் குழாயாத் திரிஞ்சா. தண்ணிக்குத்தான் வாரான்னு பாத்தா கையில குடமே இல்ல! அங்கன நின்னு ஏதோ பொட்டியப் பாத்து எழுதிக்கிட்டே இருந்தா."

கருவி நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்து, செல்வராணி எண்களைப் படித்தாள். நான் நோட்டோடு ஒப்பிட்டேன். கடைசி இலக்கத்தில் மட்டும் சிறு வேறுபாடு. அவள் முன்பும் இதே இடத்தில்தான் நின்றிருக்கிறாள்.

"அப்ப எங்கன தப்பு?" என்றார் ஜெயந்தி, நாங்கள் திரும்பியதும்.

"நில அளவை வரைபடம் தவறாக இருக்காது" என்றேன். அதை நம்பித்தான் முப்பத்தொரு ஆண்டுகள் கற்பித்தேன்.

மின்சாரம் இல்லை. செல்வராணி அச்சுப் படத்தை மேசையில் விரித்து, ஒளி ஊடுருவும் தாளை மேலே வைத்து, இருபத்து மூன்று புள்ளிகளையும் பென்சிலால் பிரதி எடுத்தாள். பிறகு அந்தத் தாளைக் கிழக்குப் பக்கமாக மெதுவாக நகர்த்தினாள். ஒரு இடத்தில் எல்லாக் குழாய்களும் ஒன்றாகத் தெருக்களில் போய் உட்கார்ந்தன.

"பாருங்க மிஸ். நான் இஷ்டத்துக்கு எழுதிருந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம்ல ஓடியிருக்கும்? இது மொத்தமும் ஒரே பக்கமா, ஒரே தூரத்துக்குல்ல நகந்திருக்கு."

அந்த எட்டுப் பெண்கள் முன்னிலையில் சொன்னேன்: "நீ நேர்மையாகத்தான் எடுத்திருக்கிறாய். நான் சொன்னது தவறு."

"பரவால்ல மிஸ்" என்றாள். பிறகு, "ஆனா அந்தக் கடுதாசி போயிருச்சே?" என்றாள்.

மாலை 4.15 பேருந்தில் மதுரை திரும்பினேன். மறுநாள் என் கணவரின் நண்பர், நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஐந்து நிமிடத்தில் விளக்கினார். பழைய வரைபடம் பூமிக்கு ஒரு வடிவத்தைக் கணக்கில் கொண்டு வரையப்பட்டது; இன்றைய கருவி வேறொரு வடிவத்தைக் கொள்கிறது. நம் பகுதியில் இரண்டுக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேல் விலகல் வரும். மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஜெயந்திக்குத் தொலைபேசியில் சொன்னேன். அன்று மாலைக்குள் குழாய்கள் கணினியிலும் தெருவுக்கு வந்துவிட்டன.

ஆனால் படைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அமைப்பாளரிடம் பேசியபோது, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார். அடுத்த ஆண்டு செல்வராணி பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளைக் கண்காட்சிக்கு அனுப்புவதில்லை. அவள் நேர்மையற்றவள் என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் கோப்பில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: ஆகஸ்டில் குடை வேண்டாம், தலைக்குத் துணி போதும். உத்தமபாளையத்திலிருந்து மதுரைக்கு நேர்ப் பேருந்து உண்டு. தங்குவதென்றால் தேனியே வசதி. மாணவிகளுக்கு வரைபடம் கற்பிக்கப்போகிறவர்கள் முதலில் இடம் நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு புள்ளியை எடுத்து, அது வரைபடத்தில் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். விலகினால் கருவியின் அமைப்பைப் பாருங்கள், வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது அதற்கெல்லாம் பிறகு. அவசியமானால் மட்டும்.

அமைப்பாளர் இந்த வலைப்பதிவைப் படிப்பவர் என்று அறிவேன். ஐயா, என் குறிப்பைத் திரும்பப் பெறுவதாக இரண்டு கடிதங்கள் அனுப்பியிருக்கிறேன். கண்காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. அந்தத் தாள் கோப்பிலிருந்து நீக்கப்பட்டதா, இருபத்து மூன்று குழாய்களின் வரைபடம் பட்டியலில் சேர்க்கப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.