ஓட்டுநர் மினேயோவின் கட்டைவிரல்

ஹமாசே ஊரில் கடற்கரை ரயிலை ஓட்டும் தோகுனாகா மினேயோவுக்கு வாழ்க்கையில் இரண்டு பதவிகள். ஒன்று ரயில்வே கொடுத்தது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. இன்னொன்று, கோடைத் திருவிழாவில் யாகிசோபா நூடுல்ஸ் வறுக்கும் இரும்புக் கல்லின் தலைமை. கதவை மல்லாத்திப் போட்டது போன்ற அந்தக் கல்லின் முன்னே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரு கையிலும் கரண்டியோடு அவர் நிற்கும்போது, பிரதமரே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பிரதமர் இதுவரை வரவில்லை.

இந்தப் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையே தனி. ஊர்மன்றத்தில் எல்லோரும் பாயில் உட்கார்வார்கள். "இந்த வருஷம் கல்லை யாரு பாக்கறீங்க?" என்று கேட்டதுமே ஒவ்வொருவரும் "ஐயோ, எனக்கு அந்தத் தகுதி இல்லீங்க" என்று குனிவார்கள். ஆசை உள்ளவர் இன்னும் ஆழமாகக் குனிவார். முடிதிருத்தும் நிஷியோகாவுக்கு அந்தக் கல்லின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். அதனால் அவருடைய நெற்றி பாயைத் தொடும். மினேயோவும் குனிவார்தான், ஆனால் மற்றவர்களைவிடச் சற்று முன்னதாக நிமிர்ந்துவிடுவார். நிமிர்ந்த தலை அது ஒன்றுதான் என்பதால் கல் அவருக்கே போகும்.

இந்த வருடம் மன்றத் தலைமைக்கு வந்த அரிசிக்கடை ஓகாதா அம்மாள் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தாள்.

"உங்க தலைங்களப் பாத்துட்டே உக்கார என் முட்டி இடம் கொடுக்கல. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு மேல நம்ம போன் குழுவுல யாரு மொதல்ல 'கல்லை நான் பாக்கறேன்'னு எழுதறாங்களோ, கல்லு அவங்களுக்கு. அவ்வளவுதான்."

நிஷியோகா முகத்தில் அன்று வந்த சிரிப்பைச் சவரக் கத்தியால்கூட எடுத்திருக்க முடியாது. போனில் குனிய வேண்டியதில்லை. மேலும், அவருடைய கட்டைவிரல் தானியம் கொத்தும் குருவி.

மினேயோவிடம் போன மாதம்வரை இருந்தது மடக்குப் போன். அதில் 'கொ' என்ற ஜப்பானிய எழுத்தை எழுத ஒரே பொத்தானை ஐந்து முறை அமுக்க வேண்டும். அவர் பொறுமையாக அமுக்குவார். அந்தப் போன் குளியல் தொட்டியில் விழுந்து உயிரை விட்டபின், மனைவி சிஸுரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள். பேரங்காடியில் எண்ணெய்ப் பலகாரப் பிரிவில் வேலை பார்க்கும் சிஸுரு, ஒரு கையில் இடுக்கியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் போனில் கடிதம் எழுதக்கூடியவள்.

"பாருங்க, இது க கட்டம். சும்மா தொட்டா க. இடது பக்கம் இழுத்தா கி. மேல தள்ளினா கு. வலது பக்கம் கெ. கீழ கொ. எல்லாக் கட்டமும் இப்படித்தான்."

ஆனால் ரயில் ஓட்டுநர் எதையும் மனசுக்குள் பார்த்துக்கொள்வதில்லை. சமிக்ஞை விளக்கோ கடிகாரமோ, வெள்ளைக் கையுறை விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நம்புவார். மினேயோ முதுகை நிமிர்த்தி விரலை நீட்டினார்.

"க கட்டம், சரி! இடப்புறம், சரி!"

"பச்சைக்கொடி காட்டட்டுமா?" என்றாள் சிஸுரு.

அந்த வாரம் முழுக்க மினேயோவின் கட்டைவிரல் ஓயவில்லை. குளியலறை ஓட்டில் இழுத்தது. மேஜையில் தள்ளியது. சாப்பிடும்போது தோஃபு என்ற சோயாக் கட்டியில் 'கு' எழுதி அதை இரண்டாகப் பிளந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஏழு அடிச்சதும் 'கல்லை நான் பாக்கறேன்'னு மட்டும் போடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"வணக்கம் சொல்லாமயா? மழைக்காலம் பொறந்திருக்கு. ஒரு வார்த்தை விசாரிக்காம எடுத்த எடுப்புல கல்லைக் கேட்டா ஊரு என்ன நெனைக்கும்?"

"அதுக்குள்ள நிஷியோகா போட்டுருவாரு."

"போடட்டும். முடி வெட்டறவரு, எதையும் குட்டையாத்தான் வெப்பாரு."

வணக்கத்தை முன்கூட்டியே எழுதத் தொடங்கினார். ஏழு மணிக்குச் சற்று முன்னால் முதல் வரி முடிந்தது: 'விடாத மழையில் எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா?' மேலே எழுதுவதற்கு முன் சரிபார்க்க வேண்டாமா? விரலை நீட்டினார்.

"மழை, சரி! நலம், சரி! கேள்விக்குறி, சரி! அனுப்பும் பொத்தான், சரி!"

ரயில் பாதையில் சமிக்ஞை விளக்கைச் சுட்டிக் காட்டினால் அது அப்படியே நிற்கும். இந்தப் பொத்தான் நிற்கவில்லை. விரல் பட்டதும் வரி பறந்துவிட்டது.

"போயிடுச்சு," என்றார், நடைமேடையைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டவரின் குரலில்.

"அடக் கடவுளே! பாதிக் கடுதாசி அனுப்பிட்டீங்களே!"

அதற்குள் ஓகாதா அம்மாளின் பதில் வந்தது: 'நலமே. உங்கள் வாசல் ஹைட்ரேஞ்சா பூத்துவிட்டதா?' அடுத்து தோஃபுக்கடைக்காரர், ஈரத்தில் தன் இடுப்பு படும் பாட்டை எழுதினார். கோயில் பூசாரி எல்லோருடைய இடுப்புக்காகவும் வேண்டிக்கொண்டார். ஊரே மாறி மாறி நலம் விசாரித்துக் குனிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் குறுக்கே கையை நீட்டிக் கல்லை எடுக்கும் மனிதன் ஹமாசேயில் இன்னும் பிறக்கவில்லை.

நிஷியோகாவும் பிறந்து வளர்ந்தது அங்கேதான். ஏழு அடித்தபோது அவர் தோஃபுக்கடைக்காரரின் இடுப்புக்கு வருந்திக்கொண்டிருந்தார். அவர் வேகமாகப் பதில் போட்டதால் எல்லோரும் அவருக்கே பதில் போட்டார்கள். அதற்கெல்லாம் அவர் மறுபடி பதில் போட வேண்டியிருந்தது. குருவி கொத்தக் கொத்தத் தானியம் பெருகியது.

மினேயோவுக்கு இத்தனை பேருக்குப் பதில் எழுதும் வித்தை தெரியாது. தெரிந்த ஒரே வரியை, கட்டம் கட்டமாக, சரி சரி என்று எழுதிக்கொண்டே போனார். சிஸுரு அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். கடைசி எழுத்து விழுந்ததும் கையை விட்டாள்.

"இப்ப காட்டுங்க உங்க விரல!"

"அனுப்பும் பொத்தான், சரி!"

'கல்லை நான் பார்க்கிறேன்.' அதன் காலடியில், ஒரு மூச்சு தள்ளி, நிஷியோகாவின் அதே வரி வந்து விழுந்தது. 'கல் தோகுனாகா-சானுக்கு' என்று ஓகாதா அம்மாள் தீர்ப்பெழுதினாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மினேயோ முடி வெட்டிக்கொள்ளப் போனார்.

"மழையக் காட்டி என்னைக் கவுத்துட்டீங்களே, தோகுனாகா-சான்."

"நெசமாத்தான் நலம் விசாரிச்சேன், நிஷியோகா-சான்."

"நலமாத்தான் இருந்தேன், நீங்க விசாரிக்கற வரைக்கும்."

கத்தரி அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் பேசியது. மறுநாள், கிட்டத்தட்ட மொட்டையாகிவிட்ட மினேயோவின் தலையில் துண்டு நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கரண்டியைக் கல்லின் மேல் நீட்டினார்.

"நூடுல்ஸ், சரி! முட்டைக்கோஸ், சரி!"

"துண்டு?" என்றார் வரிசையில் முதலாவதாக நின்ற நிஷியோகா.