மீன் தின்னாத தூண்டில் சங்கம்

எங்கள் சங்கத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது, தலைவர் கிடையாது, ஆண்டுவிழா கிடையாது. வளைகுடா நாட்டில், புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் கட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் கேம்ப்பில், வெள்ளிக்கிழமை காலையில் படுத்துக் கிடக்கப் பிடிக்காத ஏழெட்டுப் பேர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அலைதடுப்புச் சுவருக்குப் போவோம், அவ்வளவுதான். சங்கம் என்று பெயர் வைத்தது எதிரில் மளிகைக் கடை வைத்திருந்த பாய். ராமநாதபுரம் கடற்கரைக்காரர். தூண்டிலுக்கு முள்ளும் நரம்பும் அவர் கடையில்தான் வாங்குவோம். "தூண்டில் சங்கத்துக்காரவுக வந்துட்டாக, கடல்ல மீனெல்லாம் ஒளிஞ்சுக்கங்க" என்று கேலி செய்வார்.

கேலி செய்ய வேண்டியதுதான். எங்களில் ஒருவனுக்கும் கடல் தெரியாது. எல்லாரும் சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து வறண்ட ஊர்கள். கண்மாய் வற்றும்போது சேற்றில் இறங்கிக் கெளுத்தி பிடித்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஓமான் வளைகுடாவில் தூண்டில் போட்டோம். ஆனாலும் கிடைத்தது. மத்தியானம் கேம்ப் சமையலறையில் குழம்பு கொதிக்கிற வாசனைக்கு மற்ற அறைக்காரர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். வாரத்தில் ஆறு நாள் வெயிலில் சாரத்தில் தொங்கியவர்களுக்கு அது பெரிய விஷயம்.

சுவரின் தொடக்கத்தில் ஒரு பலூச்சிக் காவலாளி உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஒரே சட்டம்தான். கையில் தூண்டில் இருந்தால் உள்ளே விடுவான். சும்மா கடல் பார்க்க நின்றால் "யல்லா, யல்லா" என்று விரட்டுவான். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சங்கத்தில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். கேம்ப்பே அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் கூப்பிடும். பெரியவர் வெல்டர், என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். சின்னவன் பெயின்ட் அடிக்கிற ஆள், கல்யாணம் ஆன கையோடு அண்ணன் விசா எடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தவன். எப்போது பார்த்தாலும் சிரிப்பு. நான் அவனுக்கு ஃபோர்மேன். திட்டினால்கூடச் சிரிப்பான், அதற்கும் சேர்த்துத் திட்டுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனுடைய முள் கீழே கற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நரம்பை அறுத்துவிட்டு வேறு முள் கட்டியிருக்கலாம். பாயிடம் கேட்டால் கை நிறைய அள்ளித் தருவார். ஆனால் எங்கள் ஊர்ப் புத்தி இருக்கிறதே, வளைந்த ஆணியைக்கூடத் தட்டி நிமிர்த்தி வைத்துக்கொள்கிற புத்தி, அது விடுமா?

"அறுத்துறாதண்ணே. நான் எறங்கி எடுக்குறேன்" என்றான் சின்னவன்.

"பாத்துடா, பாசியா இருக்கு" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான் பேசினார்கள். சின்னவன் நரம்பைப் பிடித்துக்கொண்டு கற்களில் இறங்கினான். கடல் தட்டுப் போல அமைதியாக இருந்தது. தூரத்தில் ஏதோ எண்ணெய்க் கப்பல் திரும்பியிருக்க வேண்டும். ஒரே ஒரு பெருத்த அலை, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்து, கற்கள் மேல் ஏறி, இறங்கிப் போனது. பார்த்தால் அவனுடைய ரப்பர் செருப்பு ஒன்று மட்டும் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. கிணற்று நீச்சல் தெரிந்த எங்களில் இருவர் குதிக்கப் போனோம். காவலாளி ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். அண்ணன் கையில் அந்த நரம்பு அப்படியே இருந்தது. அதை இழுத்து இழுத்துச் "சின்னவனே, சின்னவனே" என்று கத்தினார், அந்த முனையில் தம்பி பிடித்துக்கொண்டிருப்பது போல.

கடலோரக் காவல் படகுகள் வந்தன, முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். பாய் கடையை அடைத்துவிட்டு வந்து அரபியில் அவர்களிடம் கெஞ்சினார். ஒரு வாரத்துக்கும் மேல் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் ஓர் அதிகாரி பாயின் தோளைத் தட்டி "கலாஸ்", முடிந்துவிட்டது, என்று சொன்னார். அவர் நல்ல மனிதர்தான், கண் கலங்கித்தான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரில் அவர்களுடைய அம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. முகத்தைப் பார்க்காமல் கருமாதி செய்யவிடமாட்டேன் என்றது. தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம் என்று ஐயர் சொன்னாராம். புல்லையா நான் பெற்றேன் என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டது. சின்னவன் மனைவி பொட்டு வைக்கவும் முடியாமல், அழிக்கவும் முடியாமல் அந்த வீட்டிலேயே கிடந்தாள். பாய் தன் பள்ளிவாசலில், எதிரில் உடம்பு இல்லாமலே, அவனுக்காகத் துஆ கேட்டார். எங்களுக்கு அதற்குக்கூட வழி இல்லை.

கம்பெனி அண்ணனுக்கு லீவு கொடுத்தது. அவர் போகவில்லை.

"கூட்டிட்டு வந்தவன் நானு. அவனோடது ஏதாச்சும் ஒண்ணக் கொண்டு போகாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வாசல்ல போயி நிப்பேன்? ஒரு எலும்பு. ஒரு துணி. ஏதாச்சும்."

தேடவேண்டும் என்றால் சுவரின் மேல் நிற்கவேண்டும். நிற்கவேண்டும் என்றால் கையில் தூண்டில் வேண்டும். அதனால்தான் சங்கம் தொடர்ந்தது. இல்லாவிட்டால் அந்தக் கடலில் எச்சில் துப்பக்கூட நாங்கள் போயிருக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை தவறாமல் போனோம். கனமான ஈயக்குண்டு கட்டித் தரையோடு தரையாக முள்ளை இழுப்போம். பாசி வரும், பிளாஸ்டிக் பை வரும், அறுந்து போன பழைய வலை வரும். துணி மாதிரி எது வந்தாலும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அண்ணன் குத்தவைத்து அதைப் பிரித்துப் பார்ப்பார். பிறகு ஒரு பக்கமாகப் போடுவார்.

ஆனால் முள்ளைப் போட்டால் மீன் சும்மா விடுமா? முதல் வாரமே கொழுத்த விளமீன் ஒன்று மாட்டியது. பழக்க தோஷத்தில் ஒருவன் வாளியை நீட்டினான். அண்ணன் மீனைக் கையில் வாங்கி அதன் வாயைப் பார்த்தார்.

"இது என்னடா திங்கும்?" என்று கேட்டார்.

வாளியை நீட்டியவன் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவர் முள்ளைக் காயம் படாமல் கழற்றி, கீழே இறங்கி, மீனைத் தண்ணீரில் விட்டார். அன்றிலிருந்து எங்கள் கேம்ப்பில் மீன் இல்லை. யாரும் சட்டம் போடவில்லை, பேசி முடிவெடுக்கவில்லை, சாப்பிட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது அண்ணன் கடலைப் பார்த்து, வீட்டுத் திண்ணையில் இருப்பவனிடம் சொல்வது போலச் சாதாரணமாக, "போயிட்டு வர்றேன்டா" என்பார். ஒரு வெள்ளிக்கிழமைகூடச் சொல்லாமல் வந்ததில்லை.

சங்கத்தில் ஒருவனுக்கு எதிர்ப்பக்கக் கடற்கரையில் இருக்கும் ருவைஸ் ரிஃபைனரிக்கு மாற்றலானது. பாவம், நல்லெண்ணத்தில் ஒருமுறை பனிக்கட்டிப் பெட்டியில் அங்கிருந்து ஹமூர் மீன் கொண்டு வந்தான்.

"அண்ணே, இது அந்தப் பக்கத்துக் கடலுண்ணே. வேற கடலு. தாராளமாச் சாப்பிடலாம்."

அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தார். "ரெண்டும் எங்கயாச்சும் சேருதா?"

அந்த மடையன் பொய் சொல்லியிருக்கலாம். "மேல ஹோர்முஸ் பக்கம் சேரும்ணே" என்றான்.

"அப்ப வேணாம்" என்று பெட்டியை மூடிவிட்டார். சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது. நாங்களும் அன்று சிரித்தோம், அவரும் சிரித்தார். பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனவன் மட்டும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதான்.

இப்படி இரண்டு வருடம் ஓடிய பிறகு கம்பெனியின் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் அதிகாரி எங்களைக் கண்டுபிடித்தார். வடநாட்டுக்காரர், காலை ஓட்டத்துக்கு அந்தப் பக்கம் வருகிறவர். இந்தத் தொழிலாளிகள் பிடிக்கிற மீனையெல்லாம் திருப்பி விடுகிறார்கள், கடலடி வலைகளை இழுத்து வெளியே போடுகிறார்கள்! மனிதருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அடுத்த மாதமே கடல் பாதுகாப்புச் சங்கம் என்று ஆங்கிலத்தில் பேனர் அடித்தார். நீல நிற டி-ஷர்ட் கொடுத்தார், நெஞ்சில் துள்ளுகிற மீன் படம். பெரிய அதிகாரிகள் வந்தார்கள், கேமரா வந்தது. அண்ணன் கையில் ஒரு மீனைக் கொடுத்து, அதைக் கடலில் விடுவது போல மூன்று தடவை படம் எடுத்தார்கள். பாவப்பட்ட மீன், மூன்றாவது தடவை செத்தே போனது.

"யே ஐடியா கிஸ்கா தா?" என்று அதிகாரி ஆசையாகக் கேட்டார். இது யாருடைய யோசனை என்று.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் தலையை நிமிர்த்தாமல் "மேரா பாய் கா" என்றார். என் தம்பியுடையது.

"அச்சா! எங்கே அவர்? கூப்பிடுங்கள், படத்தில் நிற்கட்டும்!"

எனக்கு வாய் முந்திக்கொண்டது. "டூட்டியில இருக்கார் சார்" என்றேன். அதிகாரி ரொம்ப வருத்தப்பட்டு, கட்டாயம் அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்று இன்னொரு டி-ஷர்ட்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தெரியாமல் பேசுகிற மனிதனிடம் என்ன கோபம்? அந்தக் கேமராவைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் போலத்தான் இருந்தது. அண்ணன் அந்தச் சட்டையைப் பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வருடம் கடல் கெட்டுப்போனது. தண்ணீர் முதலில் துருப்பிடித்த மாதிரி ஆனது, பிறகு செக்கச்சிவந்து கூழானது. ஏதோ நுண்ணுயிர் பெருகிவிட்டது என்றார்கள். கரையெல்லாம் செத்த மீன். கேம்ப் வரைக்கும் நாற்றம், மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் தூங்கினோம். பாதுகாப்புச் சங்கம் அல்லவா? அதிகாரி எங்களை வேனில் ஏற்றிக் கரைக்குக் கூட்டிப் போனார். துள்ளுகிற மீன் படம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு செத்த மீனை மூட்டை மூட்டையாக அள்ளினோம். பாறை மீன், விளமீன், ஊளி, எங்களுக்குப் பெயர் தெரியாதது எல்லாம். நான் அள்ளி நிரப்புகிற வேலையைப் பார்த்தேன். அண்ணன் ஒவ்வொரு குவியலையும் காலால் விலக்கி, கையால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் அள்ளவிட்டார். கடல் எல்லாவற்றையும் கொண்டு வந்து கொட்டியது. அவனை மட்டும் கொடுக்கவில்லை.

பல மாதம் சுவர்ப் பக்கம் யாரையும் விடவில்லை. தண்ணீர் மறுபடி நீலமான பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போனோம். காலை முழுக்க ஒன்றும் மாட்டவில்லை. வெயில் ஏறியபோது அண்ணன் நரம்பில் ஒரு பாறை மீன் குட்டி வந்தது. வெள்ளிக்காசு மாதிரி மினுங்கியது. வழக்கம்போல அவர் கீழே இறங்குவார் என்று வழி விட்டு நின்றோம். அவர் இறங்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டே பாயிடம் கேட்டார். அன்று பாயும் எங்களோடு வந்திருந்தார்.

"பாய், அன்னிக்கு இருந்த மீனெல்லாம் செத்துருச்சுல்ல?"

பாய் கடற்கரையில் பிறந்தவர். ஒரு கடலில் இருக்கிற மீன் அத்தனையும் ஒருநாளும் சாகாது என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார்.

"செத்துருச்சு தம்பி. எல்லாம் போயிருச்சு" என்றார் பாய்.

"அப்ப இது புதுசு."

"ஆமா. இது புதுசு."

அண்ணன் மீனை வாளியில் போட்டார்.

கேம்ப்பில் அவரே செதில் உரசி, புளி கரைத்துக் குழம்பு வைத்தார். தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தார். முதல் வாயை வெகுநேரம் மென்றார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்காமலே சாப்பிட்டார். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு வைத்தார். நான் விழுங்கினேன். தொண்டையில் இறங்கியதே தவிர ருசி தெரியவில்லை. கை கழுவிவிட்டு வந்து என்னிடம், "லீவுக்கு எழுதிக் குடுப்பா" என்றார். "தர்ப்பையே செய்யட்டும். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்." அந்த நீலச் சட்டையைத் தர்ப்பை மேல் போர்த்தலாமா என்று என்னைக் கேட்டார். போர்த்தலாம்ணே என்றேன்.

ஊருக்குப் புறப்பட்ட அன்று காலை, விமான நிலையத்துக்குப் போகிற வேனைச் சுவரோரம் நிறுத்தச் சொன்னார். கையில் தூண்டில் இல்லை. காவலாளி எழுந்தான், அவர் முகத்தைப் பார்த்தான், யல்லா சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான். நானும் அண்ணனும் அந்த இடம் வரை நடந்தோம். அவர் கொஞ்ச நேரம் நின்றார். வேன்காரன் ஹாரன் அடித்தான். எங்கள் ஊர்களில் துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டோம். அண்ணன் அன்று "போயிட்டு வர்றேன்டா" என்று சொல்லாமல் திரும்பி, வேனை நோக்கி நடந்தார். பின்னாலேயே போன நானும் ஒன்றும் சொல்லவில்லை.