வெள்ளை முயற்குட்டிகளும் பக்கத்து வீட்டுத் தங்கச்சியும்

இதை எழுதவென்று எத்தனையோ வருடமாகக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டேன். சம்பந்தப்பட்டவர் காலமாகிவிட்டார் என்று அண்மையில் கேள்விப்பட்டேன். இனியும் மறைத்தால் நான் கும்பிடும் பிள்ளையார் பொறுக்கமாட்டார்.

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப்போய் ஏழெட்டு வருடம் இருக்கும். எனக்குத் துறைமுகப் பண்டகசாலையில் வேலை; வீடு பாலையூற்றில். இடமாற்றமாகிப் போன ஒருவர் ஒரு சோடி முயல் தந்தார். இரண்டும் வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி விழுந்தவை. குட்டிகளில் சில முழுக் கறுப்பு, பல புள்ளி போட்டவை. ஒன்றிரண்டு மட்டும் மூக்கில் ஒரு மைப்பொட்டைத் தவிர முழு வெள்ளை. அவைதான் வீட்டுச் செல்லம். ஆனால் அவை மட்டும் ஒன்றரை மாதத்துக்குள் வயிறு ஊதிச் செத்தன. மூன்று ஈற்றிலும் இதே கதிதான்.

பக்கத்து வீட்டில் பிள்ளையில்லாத ஒரு தங்கச்சி இருந்தார். வெள்ளைக் குட்டியை மடியில் வைத்துக் கீரை கொடுப்பார். "இதைப் பஞ்சில செய்தவையோ அண்ணன்?" என்று சிரிப்பார். மூன்றாம் முறையும் குட்டி செத்த அன்று, என் மனைவி உப்பும் செத்தல் மிளகாயும் கூட்டைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி எழும்பவில்லை. கண்ணூறுதான் என்பதற்கு எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நானே வேலியடியில் போய்ச் சொன்னேன்: "தங்கச்சி, இனிக் கூட்டடிக்கு வராதேங்கோ. நீங்கள் ஆசையாப் பாக்கிறது ஒண்டும் தங்குதில்லை."

அவர் கையிலிருந்த கீரையை வேலியில் செருகிவிட்டுப் போனார்.

கதை எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பரவியது. அவரைக் கண்டால் தாய்மார் பிள்ளையின் முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். எல்லோரும் போன பிறகுதான் கிணற்றடிக்கு வருவார். தைப்பொங்கலுக்கு முன் புருசன் அவரைச் சொந்த ஊரான இலங்கைத்துறைக்கே கூட்டிப்போய்விட்டார்.

பிறகு ஒரு நாள், மாடுகளுக்கு ஊசி போட வந்த மிருக வைத்தியர் முயற்கூட்டை எட்டிப் பார்த்தார். நான் வாய் திறக்கமுன் அவரே கேட்டார். "வெள்ளைக் குட்டி தங்குதில்லையோ?"

"ஓம் ஐயா. எப்பிடித் தெரியும்?"

"புள்ளியும் புள்ளியும் சேர்ந்தால் நாலில ஒண்டு அப்பிடி வரும். தாயிட்டயும் தகப்பனிட்டயும் ஒரே குணத்தை வாங்கின குட்டி அது. வெளியில வெள்ளை, உள்ளுக்குள்ள குடல் சரியா வேலை செய்யாது. கறுப்போட சேருங்கோ, உந்த வெள்ளை வராது."

அடுத்த ஞாயிறு மூதூருக்கு லோஞ்சுப் படகில் போய், அங்கிருந்து வண்டியிலும் நடையிலுமாக இலங்கைத்துறைக்குப் போனேன். என் நம்பிக்கையைக் காட்ட இரண்டு வயது மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பிள்ளையைத் தூக்குங்கோ தங்கச்சி" என்று மகளை நீட்டினேன்.

அவர் பின்னால் நகர்ந்து, முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார். "வேண்டாம் அண்ணன். போற வழியில பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் எண்டால்... கூட்டிக்கொண்டு போங்கோ."

என் மனத்தைவிட்டுப் போன சந்தேகம் அவர் மனத்தில் குடியேறிவிட்டது. அதை எந்த வைத்தியரைக் கொண்டு எடுப்பது? இன்றும் சாமி கும்பிடக் கண்ணை மூடினால் அந்த முந்தானைதான் தெரிகிறது. வாசிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் அவர் என்னை மன்னித்தார் என்று ஒரு சொல்லும் கூட்டாமல், கண்ணை மூடிய அந்த முந்தானையை விலக்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.