இரண்டாவது கோல்கீப்பர்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் எளாவூரில் ஏறும் அக்கா, பெண்கள் கால்பந்து கிளப் ஒன்றில் மூன்று சீசன் கோல்கீப்பராக இருந்தவர் என்று தெரிந்ததுமே ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நெடுநெடுவென்ற உருவம், கோணிப்போன சுண்டுவிரல். மடியில் கோல்கீப்பர் கையுறைகள். உள்ளங்கை ரப்பர் காய்ந்தால் வெடித்துவிடும் என்று தினமும் பாட்டில் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்குவார்.

"புதுசாக்கா?"

"பழசுதான். மேட்ச்சுல போட்டாதானே தேயும்? நான் ரெண்டாவது கீப்பர், தம்பி. மூணு சீசனும் பெஞ்சுதான்."

ஒரே ஒரு மேட்ச் ஆடியிருந்தால் வேறு கிளப்பாவது கூப்பிட்டிருக்கும் என்றார்.

"முதல் கீப்பருக்கு அடியே படலையா?"

"பட்டுச்சே. கடைசி மேட்ச்சுல அவ விரல் பிசகிடுச்சு. கோச் என்னை ரெடியாவச் சொன்னாரு. அதுக்குள்ள அவ, கட்டு போட்டா ஆடுவேன்னுட்டா. எங்க டீம்ல டேப் நல்லா சுத்துறது நான்தான்."

"நீங்களேவா கட்டுனீங்க? லூசா சுத்தியிருக்கலாமேக்கா!"

"நீ இன்னா தம்பி, ஈஸியா சொல்ற! சுத்தும்போது அவ என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா. எப்படி லூசா சுத்துறது?"

மேட்ச் முடியும்வரை கட்டு அவிழவே இல்லையாம். அடுத்த சீசனுக்கு எந்த கிளப்பும் அக்காவைக் கூப்பிடவில்லை. இப்போது எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் நிற்கிறார்.

மறுநாளும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர் பாட்டிலைத்தான் திறந்தார். நான் கையுறைகளை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.