ஆடியில் ஒரு கலியாணம்

போன கிழமை என் மண்டபத்தில் ஆடி மாதத்துக்கு ஒரு கலியாணம் பதிவாகியிருந்தது.

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன்... பிறகுதான் பதிவைத் திறந்து பார்த்தேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சைக்கிளில் பந்தல் தடி கட்டித் திரிந்தவன். இன்று மானிப்பாயில் ஏசி மண்டபம் வைத்திருக்கிறேன். யார் கைகொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. சரி, அதை விடுவோம்.

இந்த வருடம் பதிவுக்கென்று ஒரு சொஃப்ட்வெயார் வாங்கினோம். செய்து தந்த இன்ஜினியர் ஒரு குறியீட்டைக் காட்டினார். முதல் இரண்டு எழுத்து தமிழைக் குறிக்குமாம், நடுவில் கோடு, அடுத்த இரண்டு எழுத்து இலங்கையை. அதைப் பார்த்துத்தான் எந்த மொழியில் காட்டுவது, திகதியை எப்படி வாசிப்பது என்று கம்ப்யூட்டர் முடிவெடுக்குமாம். இலங்கை என்றால் முதலில் நாள், பிறகு மாதம். எனக்கு நல்ல புளுகம், வாயெல்லாம் சிரிப்பு!

அலுவலகம் பார்க்கும் மாலினி அன்று பதிவுகளை வாசித்துக்கொண்டிருந்தார். கனடாவில் இருக்கும் சரோ, மகளின் கலியாணத்துக்கு இன்டர்நெட்டில் பதிந்திருக்கிறார் – ஆகஸ்ட் ஆறு. ஜூன் எட்டை இன்னொரு குடும்பம் கேட்கிறது, அன்று மண்டபம் சும்மாதான், இப்போதே உறுதி சொல்லப்போகிறேன் என்றார் மாலினி.

"பொறு பிள்ளை. ஆகஸ்ட் ஆறு எங்கடை கணக்கிலை என்ன மாதம்?"

மாலினி கலண்டரை எட்டி எடுக்கும் முன் நானே சொன்னேன்.

"ஆடி. ஆடியிலை ஆர் தாலி கட்டுறது?"

திறந்து பார்த்தால் சரோ அடித்திருந்தது 06/08. அங்கே பலர் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்களாம். அப்படியென்றால்... ஜூன் எட்டு. வைகாசி. மற்றக் குடும்பத்துக்குப் போகவிருந்த அதே நாள்!

உடனே கனடாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சரோ பதறினார். கலியாணக் காட் அடித்தாயிற்று, நாற்பது பேருக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றார்.

"அண்ணை, ஆடியிலை கலியாணம் வைக்க எனக்கென்ன விசரே? மண்டபம் இருக்குத்தானே? இருக்கெண்டு சொல்லுங்கோ."

"இருக்கு. நான் இருக்குமட்டும் உனக்கு இருக்கும்."

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, என் கலியாணத்துக்கும் நீங்கள்தானே பந்தல் போட்டது, ஞாபகம் இருக்கிறதா என்றார்.

இல்லாமலா? பண்டத்தரிப்பில் சரோ வீட்டு முற்றம். ஐப்பசி மழை. மணவறைக்கு மேலே சரியாக ஒழுகியது. தாலி ஏறும்வரை நான் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு மேலே நின்றேன். கீழே கெட்டிமேளம், மேலே நான் – முழுக்க நனைந்து. இன்றைய ஏசிக்குள் அந்தக் குளிர் வருமா?

அந்த நாளில் என்னிடம் பதிவுக் கொப்பிகூட இல்லை. பஞ்சாங்கத்தில் நாள் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஐப்பசி, இரண்டாம் வெள்ளி என்பார்கள். தேத்தண்ணி குடிப்போம். முடிந்தது. ஒரு பந்தல் நாள் மாறியதில்லை.

ஆடி வந்தால் மட்டும் தடிகளைக் கழுவிக் காயவைப்பேன். வருடத்தில் எனக்கு நல்ல ஓய்வு கிடைக்கும் மாதம் அது... மறப்பேனா?

மற்றக் குடும்பம் ஆனியில் வேறு நாள் எடுத்துக்கொண்டது. இன்ஜினியரிடம் தமிழ் மாதத்தையும் சேர்க்கச் சொன்னேன். அது அந்தக் குறியீட்டுக்குள் வராதாம், தனியாகச் செய்ய இரண்டு கிழமை வேண்டுமாம்.

ஆறுதலாக, அவசரமில்லாமல் செய்யட்டும். அதுவரை ஆடி என் தலைக்குள் பத்திரமாக இருக்கும்.