சேர்ந்து கேட்கக் கூடாது

மவுண்ட் ரோஸ்கில் என்ற புறநகரில் ஒரே வரிசையில் கட்டிய நான்கு வீடுகளில் ஒன்று எங்களுடையது. நான்கிலும் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மெஷினைப் பொருத்தியது ஒரே நிறுவனம். முதல் குளிர்காலத்திலேயே நான்கும் குளிர்காற்றை ஊதின. ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, நாங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று சொல்லிப் போனார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா மன்னார்க்காரர், மருத்துவமனையில் நர்ஸ். நான்கு வீட்டாரும் சேர்ந்து புகார் கொடுப்போம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். நான் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். தகராறு வந்தால் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் நடுவர் ஒருவரிடம்தான் போக வேண்டும். அதுவும் தனித்தனியாக, மற்றவர்களோடு சேரக் கூடாது என்று இருந்தது. நாங்கள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

இருவரும் நூலகத்தில் இலவச ஆலோசனை சொல்லும் வழக்கறிஞரைப் பார்த்தோம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களை நடுவர் பற்றிய அந்த வரி கட்டுப்படுத்தாது, தகராறு வந்த பிறகு தனியாகச் சம்மதம் எழுதிக் கொடுத்தால்தான் கட்டுப்படுத்தும் என்றார் அவர்.

அடுத்த வாரமே நிறுவனத்திடமிருந்து சம்மதத் தாள் வந்தது. கையெழுத்திட்டால் சீக்கிரம் விசாரிப்பார்களாம். நான் போடவில்லை. மற்ற இரண்டு வீட்டாரும் அலைய மனமில்லாமல் ஆயில் ஹீட்டர் வாங்கிக்கொண்டார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருடைய மகளுக்கு ஆஸ்துமா.

"தெரிஞ்சுதான் போட்டனான், தம்பி. பிள்ளை இருமிக்கொண்டே கிடக்குது. எனக்கு வீடு சூடானால் காணும்," என்றார்.

அவருடைய விசாரணை கணினித் திரையிலேயே முடிந்தது. கொஞ்ச நாளில் அவர் வீட்டுச் சுவரில் புது மெஷின் ஏறியது. நடுவர் என்ன சொன்னார் என்று வேலியோரம் நின்று கேட்டேன்.

"அதைக் கதைக்கக் கூடாதாம். என்னாலை சொல்லேலாது."

தீர்ப்பாயத்தில் என் முறை வந்தபோது, இதே கோளாறு வேறு வீடுகளிலும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். யாராவது வந்து சொல்வார்களா என்றார்கள். ஹீட்டர் வாங்கிய இரண்டு வீட்டாரும் வர மாட்டார்கள். அக்காவைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. நிறுவனத்திலிருந்து வந்தவர், அக்கம்பக்கத்து வீடுகளைப் பற்றித் தன்னால் எதுவும் பேச முடியாது என்றார். நான் எடுத்து வைத்திருந்த வீடியோக்களைப் போட்டுக் காட்டினேன். மெஷினை மாற்றித் தரச் சொல்லித் தீர்ப்பாயிற்று. அது வந்து சேர்ந்தபோது நாங்கள் ஜன்னல்களைத் திறந்து வைக்கத் தொடங்கியிருந்தோம்.

அக்கா மேல் எனக்குச் சில காலம் வருத்தம் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஜாக்கெட்டோடு இருந்தோம். எங்களால் அப்படி இருக்க முடிந்தது.