திருஷ்டி பொம்மையாகத் தொங்கிய என் முகம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடிக் கிருத்திகை முடிந்து மூன்றாம் நாள் தெப்பத்தன்று, திருத்தணி மலையடிவாரத்தில் என் கடையில் நடந்தது இது. காவடி வாடகைக்கு விடுகிற கடை. மாலை, மஞ்சள் வேட்டி, பன்னீர், விபூதி எல்லாம் கிடைக்கும். கூடவே அறிவுரை இலவசம். "மாலை போட்டுகினா பீடி, சிகரெட் தொடக் கூடாது சாமி" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

அதே தொண்டையில்தான், அதற்கு முந்தின வருஷம், டான்சில் பக்கம் புற்றுநோய் வந்தது. சென்னையில் டாக்டரம்மா மூன்று விஷயம் சொன்னார். இது ஒரு வைரஸால் வருகிற வகை. சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் சிகரெட்டைத் தொடர்ந்தால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். என் காதுக்குள் முதல் இரண்டுதான் போயின. மூன்றாவது வாசலிலேயே நின்றுவிட்டது.

பரிசோதனைக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டீக்கடையில் யார் புத்தி சொன்னாலும் எடுத்து நீட்டுவேன். "படிச்சுப் பாரு பாவா. வைரஸ். சிகரெட்டுன்னு எங்கனா எழுதிகீதா?" என்னவோ மாவட்டத்தில் முதல் மார்க் வாங்கின பெருமை. அந்த வைரஸ் எப்படி வரும் என்று மட்டும் என் மனைவி கேட்காமல் இருந்திருக்கலாம். பெரும்பாலும் தாம்பத்திய உறவு வழியாகத்தான், நிறைய பேருக்கு வந்து தானாகவே போய்விடும், சிலருக்கு வருஷக்கணக்கில் தங்கிவிடும், எப்போது, யாரிடமிருந்து என்று கண்டுபிடிக்கவே முடியாது, வீட்டில் போய்ச் சண்டை போடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. திரும்பும்போது அரக்கோணம் தாண்டும்வரை என் மனைவி ரயில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏழு வாரம் கதிர்வீச்சு. வெந்நீரில் இளக்கிய ஒரு வெள்ளை வலையை முகத்தின் மேல் அழுத்தி அச்செடுத்து, தினமும் அதை மாட்டி, தலை அசையாதபடி மேஜையோடு பூட்டிவிடுவார்கள். எச்சில் விழுங்கவே உயிர் போகும். சிகரெட் தானாக நின்றது. நானாக விட்டுவிட்டேன் என்று மனைவி நம்பினாள். நானும் நம்பினேன். சிகிச்சை முடிந்ததும் அந்த வலை முகத்தைக் கேட்டு வாங்கி வந்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து, கடை வாசலில் திருஷ்டி பொம்மையாகக் கட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அது போதும்.

நாலு மாசத்தில் நாக்குக்கு ருசி திரும்பியது. முதலில் எந்த ருசியைத் தேடிப் போனேன் என்று சொல்லவேண்டியதில்லை. மனைவிக்குத் தெரியாமல் ரயில்வே கேட் பக்கம் போய் ஒன்று. பிறகு மூன்று. பிறகு எண்ணுவதை விட்டேன்.

அந்த ஆடி பிறந்தபோது, சவரம் செய்கையில் இடது தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவில்லை. வேறு யாரிடம் போனேன் என்றால், மலைமேல் இருப்பவரிடம். "இருபத்தோரு நாள் சிகரெட்டக் கையால தொடமாட்டேன், நீ இதக் கரைச்சுடு" என்று பேசி முடித்து மாலை போட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இருபத்தோரு நாள் ஒரு இழுப்புகூட இல்லை. ஊர் முழுக்கக் காவடி எடுத்து ஓய்ந்த பிறகு, தெப்பத்தன்று காலையில் மொட்டை போட்டு, படியேறி, காவடி செலுத்திவிட்டு இறங்கினேன். கடைக்கு வந்து மாலையைக் கழற்றி, தாடையைத் தடவிப் பார்த்தேன். பட்டாணி அப்படியே இருந்தது. எனக்குக் கோபமான கோபம். என் பங்கை நான் செய்தேன், உன் பங்கை நீ செய்யவில்லையே என்று, மேஜை டிராயரில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துப் பற்றவைத்தேன். மனைவி உள்ளே மயிலிறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான், மொட்டையடித்த குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கடை முன்னால் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. மேலே தொங்கியதையே பார்த்தார்.

"இது எங்க கெடச்சுதுங்க?"

"என் மொகந்தாம்மா அது."

"இத அச்செடுத்ததே நான்தாங்க" என்றார். பிறகுதான் என் மொட்டைத் தலையையும் விரலிடுக்கில் இருந்ததையும் பார்த்தார். யூனிஃபார்ம் இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் என்னை மேஜையோடு பூட்டித் திறந்தவர்.

"ஒரு நூல் தள்ளிடக் கூடாதுன்னு ஏழு வாரம் பாத்துப் பாத்துப் படுக்க வெச்சோம். நீங்க இன்னாடான்னா அதுக்கு அடியிலயே ஒக்காந்து ஊதிகினு கீறீங்க." திட்டவில்லை. அலுத்துப்போன குரல். கீழே கிடந்த மாலையைப் பார்த்தார். "மாலை போட்டிருந்தீங்களா?"

"ஆங். இருபத்தோரு நாள்."

"அதுல ஒண்ணுகூட புடிக்கலயா?"

"சேச்சே, மாலை போட்டுகினு எப்படிம்மா" என்றேன், பெருமையாக.

"சாமிக்குன்னா இருபத்தோரு நாளு. எங்களுக்கு ஒரு நாளுகூட கெடையாதா?"

என் கை பழக்கத்தில் ஜெராக்ஸ் காகிதத்தைத் தேடி சட்டைப் பைக்குப் போனது. அன்று சட்டையே போடவில்லை. காட்டுவதற்கு எதுவும் இல்லாமல், வாயில் வந்தது வெளியே விழுந்துவிட்டது. "கட்டி ஒண்ணு கீதும்மா."

உள்ளே மயிலிறகுச் சத்தம் நின்றது. மனைவி வந்து, என் தாடைக்குக் கீழே விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள். "எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டாள். ஆடி பிறந்ததிலிருந்து என்றேன். சிகரெட்டைப் பிடுங்கி மிதித்துவிட்டு, அத்தனை கூட்டம் நடமாடுகிற தெப்பத்தன்று ஷட்டரை இறக்கினாள். எங்கள் கடையில் அது அதுவரை நடந்ததில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு அந்தப் பெண் குழந்தையோடு நடந்தார்.

திரும்பித்தான் வந்திருந்தது. அதே இடத்தில் மறுபடி கதிர்வீச்சு கொடுப்பது சுலபமில்லை என்று கழுத்தில் அறுவை செய்தார்கள். அதில் தோளுக்குப் போகிற நரம்பு அடிபட்டு, இன்று இடது கை தோளுக்கு மேல் ஏறாது. காவடி வாடகைக்கு விடுகிறவனால் காவடி தூக்க முடியாது. இருபத்தோரு நாள்தான் என்னால் முடியும் என்று தெரிந்ததால், இருபத்தொன்று முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன். முதலில் மாலையோடே எண்ணினேன். "மாலையக் கழட்டிட்டு எண்ணுங்க, கருவாட்டுக் குழம்பு வெச்சு எத்தினி மாசம் ஆவுது" என்று மனைவிதான் கழற்றவைத்தாள்.

போன மாசம் வரை கழுத்தில் ஒன்றும் இல்லை. வலை முகம் வாசலிலேயே தொங்குகிறது. யாராவது சிரித்தால் நான் இப்போது சேர்ந்து சிரிப்பதில்லை. சிகரெட்டால்தான் திரும்பி வந்ததா என்று டாக்டரம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். உங்கள் விஷயத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, பிடிக்காமல் இருந்தாலும் வந்திருக்கலாம், வராமலே போயிருக்கவும் செய்யலாம் என்றார். எனக்கு எரிச்சலெல்லாம் அதில்தான்: "என் தப்பு இல்லை" என்று நிம்மதியாகச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே வாய்ப்பையும் ரயில்வே கேட் ஓரத்தில் நின்று நானே ஊதித் தள்ளிவிட்டேன்.